பூட்டை இழுத்துப் பார்க்கிறவள்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேக அக்கா' என்று பெயர். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். படி இறங்கியவள் திரும்ப ஏறி வந்து இன்னொரு முறை இழுப்பாள். "ஒருநாள் அந்தப் பூட்டு உடையத்தான் போகுது, திருடனால இல்ல, உன்னால," என்பார் கணவர். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் சர்வரைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. ரத்தப் பரிசோதனை முடிவுகள் அதில் போய் விழுந்து, அங்கிருந்துதான் டாக்டர் கைக்கு வரவேண்டும். கொஞ்ச நாளாகக் காலை நெரிசலில் சர்வர் படுத்துக்கொண்டது. காரணத்தையும் அதுவே சொன்னது: திறந்த ஃபைல்கள் அதிகம். ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் இத்தனை ஃபைல்களைத்தான் திறந்து வைக்கலாம் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் வரம்பு போட்டிருக்கிறது. வார்டிலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்பும் அந்தக் கணக்கில் சேரும். வரம்பு நிறைந்துவிட்டால் அடுத்து வருகிறவர் வெளியே நிற்கவேண்டியதுதான்.

அவள் வரம்பை உயர்த்தி எழுதினாள். மெஷினையே ரீஸ்டார்ட் செய்தாள். லாகின் செய்து பார்த்தபோது புது எண்ணைக் காட்டியது. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை சர்வர் மறுபடி மல்லாந்தது.

ஆஸ்பத்திரி இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், பொறுமைதான் தீர்ந்துபோயிருந்தது.

"குழந்தைங்க வார்டுல ரிசல்ட் வராம தவிச்சுட்டாங்கம்மா. நாளைக்கும் விழுந்தா சர்வரை வெளி கம்பெனிகிட்ட கொடுத்துடுவேன். நாளைக்கு மதியமே ஆளுங்களை வரச் சொல்லியிருக்கேன்."

முதல் நாளிலிருந்து அந்தச் சர்வரை வளர்த்தவள் அவள். அவளுக்குக் கோபம் வந்தது, தன் மேலேயே.

"சரியா செக் பண்ணீங்களா?" என்றார் பக்கத்து மேஜைத் தாடிக்காரர். கேட்கக்கூடாதவளிடம் கேட்ட கேள்வி.

"லாகின் பண்ணி நானே பாத்தேன். எனக்குப் புது நம்பரைத்தான்..." பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவளுக்குக் காட்டியது. டேட்டாபேஸுக்கு?

லாகின் செய்து உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வரம்பு. டேட்டாபேஸ் லாகின் செய்து வருவதில்லை. மெஷின் எழும்போது சிஸ்டமே அதைப் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸாக எழுப்பி, தனியாக ஒரு வரம்பைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. அவளோ தன் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வீடு பத்திரம் என்று போய்த் தூங்கியிருக்கிறாள். ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் வரம்பை நேராக எடுத்துப் பார்த்தாள். பழைய எண் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சர்வீஸின் அமைப்பிலேயே வரம்பை உயர்த்தினாள். வார்டுகளுக்குச் சொல்லிவிட்டு டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். ஓடுவதையே பிடித்துப் பார்த்தாள். புது எண். இன்னொரு முறையும் பார்த்தாள்.

மறுநாள் காலை கூட்டம் முட்டி மோதியது. இயக்குநர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திறந்த ஃபைல்களின் எண்ணிக்கை ஏறியது. பழைய வரம்பைத் தொட்டது, தாண்டியது, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போனது. தாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். குழந்தைகள் வார்டு நர்ஸ் போன் செய்தாள்: "அக்கா, கேக்குறதுக்கு முன்னாடியே ரிசல்ட் வந்து நிக்குது."

அவளுக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

இயக்குநர் அங்கேயே நின்று வெளி கம்பெனிக்குப் போன் போட்டார். "நீங்க வரவேண்டாம். எங்க சர்வரைப் பாத்துக்க எங்க ஆள் இருக்காங்க," என்று சொல்லிவிட்டு போனைப் பையில் போட்டார்.

"சார்," என்றாள் அவள். "அவங்க சரின்னு சொன்னாங்களான்னு இன்னொரு தடவை கேட்டுடுங்க."