கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பிள்ளை

மலேசியாவில் லுக்குட் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரதியின் மகன் லோகனைச் சாமிப் பிள்ளை என்பார்கள். சொல்ல மாட்டார்களா பின்னே? இருபது வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் நின்றால், உட்கார்ந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வான்; கற்பூரம் காட்டினால் நெஞ்சில் கைவைத்து அழுத்திக்கொள்வான். அதில் ரதிக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

பல் கிளினிக்கில் அவன் வாயைக் கேமராவில் படம் பிடித்தார்கள். படத்தை ஏஐ பார்த்து, சொத்தைப் பற்களைச் சிவப்பாகக் காட்டுமாம். திரையில் கடைவாய் இரண்டு பக்கமும் சிவந்தபோது ரதி கிட்டே குனிந்து பார்த்தாள்.

"ரொம்ப நாளாவே வலிச்சிருக்கும்மா. கன்னத்தைத் தட்டிக்கிட்டே இருப்பாரா?" என்று கேட்டார் டாக்டர் நிரஞ்சனா.

"அது சாமி கும்பிடுறான்லா..." என்றாள் ரதி.

மயக்க மருந்து கொடுத்துப் பற்களைப் பிடுங்கினார்கள். அதன் பிறகு லோகன் கன்னத்தைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில், "என்னக்கா, தம்பிக்குப் பக்தி கொறஞ்சிருச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

மணி அடித்தது. கற்பூரம் காட்டினார்கள். லோகன் எப்போதும்போல நெஞ்சில் கைவைத்து அழுத்திக்கொண்டு கண்களை மூடினான்.

எல்லோரும் அம்மனைப் பார்த்தார்கள். டாக்டர் கேட்ட கேள்வியை நினைத்தபடி ரதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.