அடுப்பு ஆறும்வரை

பெலட் அடுப்பை எத்தனை நாளைக்கு ஒருமுறை துப்பரவு செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், கேட்டவரை முதலில் இருத்தி, ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அவ்வளவு வில்லங்கமான கேள்வி அது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு காலத்தில் திருத்தமான பதில் இருந்தது. இப்போது என்ன பதில் சொன்னாலும் பிழையாகப் போகிறது.

எங்கள் வீடு டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. நகரத்துக்குள் இருக்கிற எங்கள் சனத்துக்குக் குழாய் வழியே சுடுதண்ணி வரும், வீடு தன்பாட்டில் சூடாக இருக்கும். எங்கள் தெருவுக்கு அந்தக் குழாய் வரவில்லை. அதனால் முன் அறை மூலையில் ஒரு பெலட் அடுப்பு வைத்தோம். மரத்தூளை இறுக்கிச் செய்த, கோழித்தீன் மாதிரியான குச்சிகளை மேலே கொட்டினால், அது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கீழே ஓர் இரும்புக் கிண்ணத்தில் போட்டு எரிக்கும். சமைக்கிற அடுப்பில்லை, வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. எனக்கு அது ஒரு பெட்டி. என் மனுசனுக்கு அது வீட்டில் இன்னோர் ஆள்.

அவர் துணி ஆலை ஒன்றில் மெசின் பார்த்தவர். மெசினைத் துடைக்காமல் வீட்டுக்கு வருகிறவனை மனிதனாகவே மதிக்கமாட்டார். அடுப்போடு வந்த புத்தகம் ஒன்று சொன்னது, விற்ற கடைக்காரன் வேறொன்று சொன்னான், இன்டர்நெட்டில் ஆளுக்கு ஒரு கதை. இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் சட்டத்தைப் போட்டார். இரும்புக் கிண்ணம் தினமும். சாம்பல் தட்டும் கண்ணாடியும் சனிக்கிழமை. உள்ளே புகை போகிற வழியெல்லாம் மாதம் ஒருமுறை. மேலே புகைபோக்கி, வருசத்துக்கு ஒருமுறை ஆள் வந்து செய்வான். இதில் வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. வெள்ளிக்கிழமை வீட்டுச் சாம்பலை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். டென்மார்க்கில் செய்த அடுப்புக்கு வெள்ளிக்கிழமை எங்கே தெரியும், அது சனிக்கிழமைகளில் முக்கி முனகும். "அதுவும் விரதம் இருக்குது போல" என்று நான் நக்கலடிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

எல்லாச் சட்டத்துக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. ஆறாத அடுப்பைத் திறக்கக் கூடாது. நிற்பாட்டிய பிறகும் சாம்பலுக்குள் தணல் ஒளிந்திருக்கும், பார்த்தால் தெரியாது. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணாடிக்குக் கிட்டப் போனால், அவர் இருந்த இடத்திலிருந்தே "ஆறட்டும்" என்பார். அந்த ஒரு சொல்லை மகள் இன்றைக்கும் நல்ல தமிழில் சொல்லுவாள். மற்றதெல்லாம் டெனிஷ்தான்.

காலையில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் அடுப்புச் சாம்பல். பிறகு குளிப்பு. பிறகு சுவாமித் தட்டில் இருக்கும் பித்தளைக் கிண்ணத்திலிருந்து திருநீறு. நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அந்தக் கிண்ணத்தோடு வாசலுக்கு வருவார். "நெத்தியைக் காட்டும்." நான் சப்பாத்தோடு குனிவேன். பூசிவிட்டு, கண்ணில் விழாமல் ஊதிவிடுவார். றோட்டில் பனி உறைந்து கிடக்கிற நாட்களில் ஒரு கோடு கூட. பனிக்கு ஏற்ற டயரை மாற்றினாலே போதும் என்று நான் சொல்வேன். ஆனால் பூசாமல் நான் ஒருநாளும் போனதில்லை.

மறதி நோய் எங்கள் வீட்டுக்குள் அந்த அடுப்பு வழியாகத்தான் வந்தது. ஒருநாள் மத்தியானம் பார்த்தால், காலையில் துப்பரவு செய்த கிண்ணத்தை மறுபடியும் கழற்றி வைத்துக்கொண்டு இருக்கிறார்.

"காலமை செய்தனீங்கள் எல்லோ?"

"நானோ? இல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு மனுசன் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் என்று தங்கச்சிக்கு டெலிபோன் எடுத்துக்கூடச் சொன்னேன். அடுத்த மாதம் சிரிப்பு நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்தால் வீடு குளிர்ந்து கிடக்கும். அடுப்பின் உறுப்புகள் எல்லாம் பழைய பேப்பரில் பரப்பிக் கிடக்கும். மனுசன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடுவில் இருப்பார். எரிந்துகொண்டிருந்ததை நிற்பாட்டி, ஆறும்வரை பக்கத்தில் காத்திருந்து, துடைத்து, மூட்டி, அது சூடாவதற்குள் மறுபடி நிற்பாட்டியிருப்பார். எத்தனை தரம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நெஞ்சு பத்தி எரியும் எனக்கு. வீட்டில் எரிந்தது அது ஒன்றுதான்.

என் வேலை என்ன தெரியுமா? வயதுபோனவர்களைப் பராமரிக்கிற இல்லத்தில். அங்கே ஒரு டெனிஷ் அம்மா பஸ் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் ஒவ்வொரு முறையும் அவர் கையைப் பிடித்து, புதிதாய்க் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு கோப்பி குடிப்போம் என்பேன். என்னைப் போல ஒருத்தி கிடைக்காது என்று பொறுப்பாளர் சொல்வார். அந்த ஒருத்தி வீட்டுக்கு வந்தால் "செய்தாச்சு, செய்தாச்சு, செய்தாச்சு" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அவர் பயந்துபோய்த் தூரிகையைக் கீழே வைப்பார். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்தான். பிறகு எழும்பி அடுப்பைப் பார்ப்பார்.

அவரை ஓர் இல்லத்தில் விடுவதில்லை என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் நான். யாரும் கொடுமை செய்வதில்லை, எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் அங்கே அவருடைய தமிழுக்கு யார் திரும்பித் தமிழில் கதைப்பார்கள்? பின்னேரம் ஐந்தரைக்கு றொட்டியும் இறைச்சித் துண்டும் கொடுத்தால், புட்டு எங்கே என்று யாரிடம் கேட்பார்? மூச்சிருக்கும்வரை வீட்டில்தான் என்று மகளிடம் சொன்னேன். மகள் ஓகூஸ் நகரத்தில் வேலை செய்கிறாள். "அம்மா, உனக்கே முடியாமல் போகும்" என்று டெனிஷில் சொன்னாள். நான் டெலிபோனை வைத்துவிட்டேன்.

அது ஜனவரி மாதம். எனக்குப் பின்னேர வேலை. நான் வெளிக்கிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பித்தளைக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார். நெற்றியில் மூன்று குறி இழுத்திருந்தார். பல மாதத்துக்குப் பிறகு தானாக ஞாபகம் வந்து வந்திருக்கிறார். எனக்கு அப்படி ஒரு சந்தோசம். திருநீறு கொஞ்சம் மண்நிறமாக இருந்ததைக் கண்டேன், கண்டும் மனதில் எடுக்கவில்லை.

"நெத்தியைக் காட்டும்."

குனிந்தேன். கண்ணையும் மூடினேன். முதலில் இளஞ்சூடாக இருந்தது. அவருடைய விரலின் சூடு என்றுதான் நினைத்தேன்.

பிறகு சுட்டது. நான் கத்திக்கொண்டு கையைத் தட்டிவிட, கிண்ணம் பறந்து, அடுப்புச் சாம்பல் அறை முழுக்கக் கொட்டியது. சாம்பலுக்குள் இருந்த தணல் கம்பளத்தில் விழுந்து புகையத் தொடங்கியது. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கேத்திலை அப்படியே கவிழ்த்தேன். சப்பாத்தால் மிதித்தேன். எல்லாம் அடங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால், அவர் தன் மூன்று விரல்களையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். விரல் நுனியெல்லாம் கொப்பளம். நெற்றியிலும் கோடு கோடாகச் சிவந்து கிடக்கிறது. முதலில் தனக்குப் பூசிக்கொண்டுதான் எனக்குக் கொண்டுவந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க "ஆறட்டும்" என்று சொன்ன மனுசன்.

"என்ன நடந்தது?" என்று என்னைக் கேட்டார்.

அடுப்புச் சாம்பல், பிறகு குளிப்பு, பிறகு திருநீறு. நடுவில் இருந்த குளிப்பு அவர் தலைக்குள்ளிருந்து கழன்று விழுந்திருக்கிறது. இரண்டு சாம்பலும் ஒன்றாகிவிட்டது. அதற்கு நான் யாரைக் கோபிக்க? அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அவரைக் குழாய்க்குக் கீழே பிடித்துத் தண்ணியை ஓடவிட்டுக்கொண்டு, நானும் அழுது அவரையும் அழ வைத்தேன்.

அடுப்பை நிற்பாட்டினால் தீர்ந்தது என்று நினைத்தோம். மகள் வந்து வயரைக் கழற்றினாள், கரண்டில் சூடாகும் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். வீடு சூடாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போய் அந்த இருட்டுக் கண்ணாடிக்கு முன்னால் இருப்பார். துப்பரவாய் இருக்கிற கிண்ணத்தை எடுத்துத் துடைப்பார், வைப்பார், பொத்தானை அமத்துவார். பற்றாது. மறுபடி துடைப்பார்.

"நான் பழுதாக்கிப் போட்டன்" என்பார். "என்ரை பிழை. நான்தான் ஒழுங்காத் துப்பரவாக்கேல்லை."

பழுதாகவில்லை என்று சொன்னால், அப்ப ஏன் எரியவில்லை என்பார். ஒருநாள் நான் வேலையில் இருக்கும்போது, சுவாமித் தட்டில் இருந்த கற்பூரத்தையெல்லாம் எடுத்து அந்த இரும்புக் கிண்ணத்தில் போட்டு, பேப்பரையும் திணித்து, நெருப்பு வைத்திருக்கிறார். அடுப்புக் கதவை மூட மறந்துவிட்டார். பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் புகையைக் கண்டு ஓடிவந்து அவரை வெளியே இழுத்திருக்கிறார். நான் வந்தபோது பெனியனோடு பனிக்குள் நின்றார். தோளில் அந்த மனிதரின் கோட்டு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பத்திட்டுது" என்றார்.

அன்றைக்கு என் உறுதி உடைந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் என்னை ஆறுதல்படுத்தினார்கள், நல்ல முடிவு என்றார்கள். எனக்கு ஒரு நல்லதும் தெரியவில்லை. நான் தோற்றுப்போனேன், அவ்வளவுதான்.

நான் வேலை செய்கிற இல்லத்தில் இல்லை, வேறோர் இல்லத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே சூடு நிலத்துக்கடியிலிருந்து வருகிறது. அவர் அறையின் நாலு மூலையையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். முதல் வாரம் நான் ஊரிலிருந்து வந்த நல்ல வெள்ளைத் திருநீறு கொண்டுபோனேன். அவருக்குப் பூச விரலை நீட்டினேன். தலையைப் பின்னால் இழுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதையும். சுடும்."

கல்யாண நாள் மறந்துவிட்டது. மகளின் பெயர் மறந்துவிட்டது. அது மட்டும் மறக்கவில்லை. பொட்டலத்தை மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நானும் பூசுவதில்லை.

ஒவ்வொரு நாளும் போகிறேன். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி.

"அடுப்பு துப்பரவாக்கினீரோ?"

முதலில் ஓம் என்று சொன்னேன். "அப்ப வாரும், வீட்டை போய்ப் பத்த வைப்பம்" என்று எழும்பி ஜாக்கெட்டை எடுத்தார். கதவு பூட்டியிருக்கும். அதை இழுத்து இழுத்துக் கை நோகும்வரை நிற்பார். வேலைசெய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து மெதுவாகக் கூட்டிப்போய் இருத்தவேண்டும். அடுத்த நாள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப நான் போய்ச் செய்யோணும்" என்று அதே ஜாக்கெட், அதே கதவு. கதையை மாற்றிப் பார்த்தேன். பாட்டுப் போட்டுப் பார்த்தேன். வேலையில் கற்ற வித்தை ஒன்றும் என் மனுசனிடம் எடுபடவில்லை.

போன மாதம், களைத்துப்போய், யோசிக்காமல் ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தது.

"இன்னும் ஆறேல்லை."

எழும்பப் போனவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். பழைய முகம், துணி ஆலையிலிருந்து வீட்டுக்கு வருகிற அந்த முகம், ஒரு நிமிசம் வந்து போனது.

"ஓம், ஓம்" என்றார். "ஆறட்டும். ஆறாமல் திறக்கக் கூடாது."

திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். கொப்பளம் ஆறித் தழும்பான அந்த மூன்று விரல்களையும் மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பு இல்லாத மூலையைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கினார். நான் வெளிக்கிடும்போதும் அப்படியே இருந்தார். கதவு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன், எழும்பி வரவில்லை.

இப்போது தினமும் அதைத்தான் சொல்கிறேன். அவரும் தினமும் காத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கையை அந்த அடுப்பின்மேல் வைத்துப் பார்க்கிறேன். இந்தக் குளிர்காலம் முழுக்க அது பச்சைத்தண்ணியாகக் கிடக்கிறது.