மூன்று தட்டு, ஒரு நிறுத்தம்

மரியகுழந்தை மாமா ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலில் வாசலை ஒட்டித்தான் உட்காருவார். பக்திக் குறைவு என்று சொல்ல முடியாது. மாதம் ஒரு ஞாயிறு நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கத்து மைதானத்தில் குஸ்தி நடக்கும். சாமியார் ஆசீர்வாதம் கொடுத்த கையை இறக்குவதற்குள் இவர் வெளியே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கயிற்றை ஒட்டி இடம் கிடைக்காது.

அவர் என் அக்கா லூயிசாவின் கணவர். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் வேலையில் சேர்ந்தவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். அக்கா திட்டினால் சிரிப்பார், மேஸ்திரி திட்டினால் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்கும் பெரிய குரல் ஒன்று உண்டு என்பது குஸ்திக் கோதாவுக்குப் போனவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கோதாவில் எப்போதும் இரண்டே பேர்தான் முக்கியம். ஒருவன் குடியாத்தம் ராஜப்பா. மற்றவன் தும்கூர் பசப்பா. மத்தியஸ்தர் முகம் திரும்பிய நேரத்தில் பசப்பா மண்ணை அள்ளி ராஜப்பாவின் கண்ணில் போடுவான். கழுத்தை அமுக்கிக் குப்புறக் கவிழ்த்து மேலே ஏறி உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து மீசையை முறுக்குவான். ராஜப்பா அசைவில்லாமல் கிடப்பான். முதுகு மண்ணில் படாதவரை தோல்வி இல்லை. அப்போதுதான் கூட்டம் உள்ளங்கையால் தரையைத் தட்டத் தொடங்கும். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடியும் மூன்று. ஆயிரம் கைகள் தட்டத் தட்ட, ராஜப்பாவின் ஒரு விரல் அசையும், பிறகு ஒரு முழங்கால் எழும். அதற்கப்புறம் பசப்பா பிழைத்துப் போக வழியில்லை.

பெங்களூர்க் காலேஜிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒருமுறை நானும் போனேன். ஆட்டம் முடிந்ததும், எல்லாம் முன்னாலேயே பேசி வைத்த சண்டை என்று மாமாவிடம் சொன்னேன். அவருக்கு வருத்தமே இல்லை.

"அது தெரியாதா மச்சான்? காலையில ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான வந்து எறங்கினாங்க. நான்தான் மாட்ட அவுத்துக் கட்டினேன்."

அப்புறம் எதற்குத் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள் என்றேன்.

"கீழ சுரங்கத்துல பாறை சரிஞ்சு உக்காந்தா யார திட்டுவ? ஆளே கெடையாது. இங்க மண்ணள்ளிப் போடறவன் கண்ணு முன்னாடி கீறான். திட்டினா காதுல வாங்கிக்கறான். நாம தட்டினா கெடக்கறவன் எழுந்துக்கறான். வேற எங்க மச்சான் அப்பிடி நடக்குது?"

பசப்பாவுக்கும் அவரைத் தெரியும். ஒருமுறை வண்டியில் ஏறும்போது, "ஏன்யா மரியகொழந்த, இந்தத் தடவ வசவு கம்மியா இருந்துச்சே, ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்துவிட்டுப் போனான். அதை மாமா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் செத்தது ஒரு மழைக்காலச் செவ்வாய்க்கிழமை. நானும் விடுமுறையில் ஊரில் இருந்தேன். காலை ஷிப்டில் அவரும் சகாயம் என்ற கூட்டாளியும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். மழுங்கிய உளிகளை மாற்றி எடுத்துவர சகாயம் வெளியே வந்த நேரத்தில், பின்னால் பாறை சரிந்து வழி அடைத்துக்கொண்டது. மாமா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். உயிரோடு இருந்தால் பாறையையோ குழாயையோ தட்டுவார், அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தோண்டலாம் என்று சகாயமும் மற்றவர்களும் கீழேயே காதை வைத்துக் காத்திருந்தார்கள்.

மேலே, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் தொழிலாளர் லைன் வீட்டு ஜனம் முழுவதும் கூடிவிட்டது. யாருக்கும் செய்ய ஒன்றும் இல்லை. உள்ளே இறங்க எங்களுக்கு அனுமதி இல்லை, இறங்கினாலும் என்ன செய்வோம்? வெகுநேரம் கழித்து அக்கா எழுந்தாள். துளை போடும் யந்திரத்துக்குக் காற்று கொண்டுபோகும் இரும்புக் குழாய் வாசல் ஓரமாகத்தான் கீழே இறங்குகிறது. அக்கா ஒரு கல்லை எடுத்து அதன்மேல் தட்டினாள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். அவளும் கோதாவுக்கு அவரோடு போனவள்தான். பக்கத்தில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கல் எடுத்தார்கள். கல் கிடைக்காதவர்கள் தரையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சிறிது நேரத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. அதில் வந்தவன் இறங்குவதற்கு முன்பே சொன்னான்: கீழே தட்டும் சத்தம் கேட்கிறது. மூன்று தட்டி நிறுத்தி, மறுபடியும் மூன்று. மரியகுழந்தைதான், வேறு எவன் அப்படித் தட்டுவான் என்று சகாயம் அழுகிறானாம். குழாய் வழியாகத் தெளிவாகக் கேட்கிறதாம்.

அதைக் கேட்டதும் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. பெண்கள் சிரித்தார்கள். அக்காவின் விரலில் ரத்தம் வந்தது, அவள் கவனிக்கவில்லை. கீழே ஆட்கள் மாற்றி மாற்றித் தோண்டினார்கள்.

விளக்குக்கு எண்ணெய் வாங்கச் சகாயமே ஒரு தடவை மேலே வந்தான். கேஜை விட்டு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். குழாயைப் பார்த்தான். அக்காவின் கையில் இருந்த கல்லைப் பார்த்தான். மூன்று தட்டு விழுந்தது. ஒரு நிறுத்தம். மறுபடியும் மூன்று விழுந்தது.

"அக்கா, சித்த நிறுத்து," என்றான்.

எல்லாரும் நிறுத்தினோம். அவன் எண்ணெயை வாங்காமலே கீழே போனான். எனக்குப் பாதி புரிந்திருந்தது. மீதியைப் புரிந்துகொள்ளாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தேன். கேஜ் திரும்பி வந்தபோது அக்கா அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கலக்கா," என்றான். "நீங்க நிறுத்தினதும் அதுவும் நின்னுபோச்சு."

அக்கா கல்லைக் கீழே வைக்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் மறுபடி தட்டட்டா, சகாயம்?"

அவன் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தான். மாமாவோடு கயிற்றை ஒட்டி உட்கார்ந்து கத்தியவன் அவன். மாட்டு வண்டியிலிருந்து ராஜப்பாவும் பசப்பாவும் சேர்ந்து இறங்கியதைத் தானும் பார்த்தவன்.

"தட்டுக்கா," என்றான்.

அக்கா தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினோம். நிறுத்தம் வந்தபோதெல்லாம் அக்கா குழாயின்மேல் காதை வைத்துப் பார்த்தாள்.