தேங்காயெண்ணெய் பூசிய கோதுகள்

என் மனைவிக்குச் சீதனமாக ஒரு வீடும், மேற்கே காட்டோரத்தில் ஒரு துண்டு வயலும் கிடைத்தன. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. ஆகவே எழுபதுகளின் கடைசியில் நானும் அந்தச் சாமான்களோடு ஒரு சாமானாக அங்கே போய்ச் சேர்ந்தேன். வயலோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஒற்றைக்குழல் துவக்கும் வந்தது. பயிரைக் காக்கவென்று கொடுக்கப்பட்ட லைசன்ஸ், மாமனார் மௌத்தான பிறகு என் பெயருக்கு மாறியது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு வேட்டையைப் பற்றிப் புத்தகங்களில் நிறையத் தெரியும். பன்றிகள் அந்தப் புத்தகங்களைப் படித்திருக்கவில்லை.

அடுத்த வயல் என் வயதுக்காரன் ஒருவனுடையது. கல்முனைப் பக்கத்துக் கடலோரத் தமிழ்க் கிராமத்தவன். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது அவன் தொழில். லைசன்ஸ் என்னிடம் இருந்ததால் சுடுவது நான். ஆதலால் பன்றி விழுவது அபூர்வம். தப்பித்தவறி விழுந்தால் நான் வரம்பில் எட்ட நின்றுகொள்வேன், அவன் கட்டித் தூக்கிப் போவான். என் மார்க்கம் தடுத்ததை அவன் வீட்டில் கறி வைத்தார்கள். அவன் பயிரும் என் பயிரும் பிழைத்தன. இதைவிடச் சிறந்த இன ஒற்றுமையை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

கடையில் கிடைக்கும் தோட்டா ஒரு போகத்துக்குக் காணாது. வெடித்த பித்தளைக் கோதுகளையே பொறுக்கி வந்து திரும்ப நிரப்புவோம். வெடித்த கோதின் வாய் சற்று விரிந்திருக்கும். அப்படியே நிரப்பினால் குழலுக்குள் போகாது. போனாலும் திரும்பி வராது. வாயை முதலில் இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு அவனிடம் ஓர் உருக்கு வளையம் இருந்தது, ஏதோ பழைய எஞ்சினிலிருந்து கழற்றிக் கடைந்தெடுத்தது. கோதில் எண்ணெய் பூசி, வளையத்துக்குள் விட்டு, வைஸ் பூட்டின் இரும்புத் தாடைகளுக்கிடையில் வைத்து மெல்ல மெல்ல நெருக்குவான். கொஞ்சம் அவசரப்பட்டாலும் பித்தளை சுருங்கி மடிந்துவிடும்.

எனக்கு அந்த எண்ணெயில்தான் சந்தேகம்.

“இது என்ன எண்ணெய் மச்சான்?”

“தேங்காயெண்ணெய்டா. மோந்து பாரன்.”

“உன்ட வீட்டில எல்லாப் போத்தலும் ஒரே மணம்தான்.”

“அப்ப நாக்கில வச்சுப் பாரு. பன்டி நெய்யெண்டா உன்ட மாமி உன்ன வீட்டுக்குள்ள எடுக்க மாட்டா. எனக்கும் தெரிஞ்சிரும்.”

இந்தியாவில் முன்பொரு காலம் தோட்டாவில் தடவிய கொழுப்பின் பேரில் பெரிய கலகமே நடந்ததென்று அவனுக்கு விளக்கினேன். நான் பாடம் நடத்தினால் அவன் எப்போதும் கேட்பான்.

“ஆரு வெண்டது?”

“வெள்ளைக்காரன்.”

“அப்ப பேசாமச் சுடு.”

ஒரு முறை வளையத்தை வாங்கி நானே இறுக்கிப் பார்த்தேன். கோதின் வாய் ஒரு பக்கம் சப்பி, முட்டை வடிவமாக வந்தது. “நல்லம். தாரா முட்டைக்கு அளவெடுக்கலாம்” என்றான். அதை வீட்டு மேசையில் நிறுத்தி, பென்சில் குத்தி வைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் இரண்டு ஊருக்கும் இடையே தெருவில் இராணுவத்தின் சோதனைச் சாவடி ஒன்று முளைத்தது. கடையில் தோட்டா நின்றுபோயிற்று. கதிர் பால் பிடித்த நேரம். வெற்றுக் கோதுகளை இறுக்குவதற்கென்று அவன் முன்னமே தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். நான் வந்து எடுக்கிறேன் என்று சொல்லியனுப்பியதற்கு அவனே வயலுக்கு வந்தான்.

“நீ வராத. எங்கட பக்கம் இப்ப ஒரு மாதிரி. நான் கொண்டாறன்.”

“லைசன்ஸ் என்ட பேரில இரிக்கு. பிடிச்சா நீ என்ன சொல்லுவாய்?”

“வெறுங் கோதுதானேடா. ஊதிக் காட்டுவன்.”

மறுநாள் சோற்றுப் பைக்குள் கோதுகளை வைத்துச் சைக்கிளில் வந்தவனைச் சாவடியில் இறக்கி, ஜீப்பில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கமாக எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவர் கண்டுவந்து சொன்னார். மாமி துவக்கை எடுத்து என் கையில் தந்தா. “லைசன்சையும் கொண்டு போங்க மகன். சாமான் நம்மடதெண்டு சொல்லுங்க. அந்தப் பிள்ளைய விட்ருவாங்க.” பன்றி தூக்குகிறவன் என்று அவனை வாசலுக்கு அப்பால் நிறுத்தி வைத்த மாமிதான்.

நான் போனேன். துவக்கு, லைசன்ஸ், மேசையிலிருந்த முட்டைவாய்க் கோது, எல்லாவற்றையும் முகாமில் மேசை மேல் வைத்தேன். என்னிடமிருந்த நல்ல ஆங்கிலம் முழுவதையும் செலவழித்து, கோதின் வாய் ஏன் விரிகிறது, ஏன் இறுக்க வேண்டும், பன்றி என்ன செய்யும் என்று அந்த அதிகாரிக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் பிள்ளைகள் யாரும் வகுப்பில் அப்படிக் கேட்டதில்லை. பிறகு மேசை லாச்சியைத் திறந்து அவன் கொண்டுவந்த கோதுகளில் ஒன்றை எடுத்து, வாயைச் சுற்றி விரலை ஓட்டினார். ஒரு கீறல் இல்லை, வட்டம் பிசகவில்லை. என்னுடையதைப் பக்கத்தில் வைத்தார்.

“இது விவசாயி செய்தது, நம்புகிறேன்” என்றார் என்னுடையதைக் காட்டி. “அது இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் கை.”

எஞ்சின் திருத்துகிற கை என்று சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் வேலையில் ஒரு குறையாவது கண்டுபிடிக்க அந்தக் கோதைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தியவன் நான். ஒன்றும் அகப்படவில்லை.

துவக்கை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அடுத்தடுத்த தடவை போய் அவனைக் கேட்டபோது, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். அந்தப் போகம் பன்றிகளுக்கு நல்ல விளைச்சல்.

அவன் வீட்டுக்குப் போக எனக்கு நாட்கள் எடுத்தன. அவன் மனைவி பட்டறைக் கதவைத் திறந்துவிட்டா. வைஸ் பூட்டில் வளையம் அப்படியே இருந்தது. சுவர்த் தட்டில் இரண்டு போத்தல்கள். ஒன்றின் கழுத்தில் கறுப்பு நூல் கட்டியிருந்தது.

“நூல் என்னத்துக்கு தங்கச்சி?”

“அது உங்கட தேங்காயெண்ணெய். மாறிப் போயிராம இரிக்கக் கட்டின. மத்தது பன்டி நெய்ப் போத்தல், எஞ்சினுக்கு.” சற்று நின்று சொன்னா: “கையையும் சவுக்காரம் போட்டுக் கழுவிற்றுத்தான் உங்கட கோதுல தொடுவாரு. உங்களுக்குச் சொல்லலியா?”

சொல்லவில்லை. அத்தனை வருடமும் மோந்து பார்க்கத்தான் சொன்னான்.

அந்தப் போத்தலை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். அவ அதை எடுத்து முந்தானையால் தூசு துடைத்தா. தருவதற்கென்றுதான் நினைத்தேன். திரும்பவும் தட்டில், இருந்த இடத்திலேயே வைத்தா.

“கிடக்கட்டும் அண்ணன். வந்தா தேடுவாரு.”

“ஓம்” என்றேன்.