காடு கேட்டிராத பெயர்

என் அக்கா நிக்கனோரா காட்டுக்குள் சமைக்கிறவள். எங்கள் ஊர் கர்மெலித்தாவிலிருந்து, காட்டுக்குள் கிடக்கும் மிரதோர் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்க நடந்து வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அவள்தான் சோளரொட்டி சுடுவாள், கறுப்பு பீன்ஸ் வேகவைப்பாள். வழிகாட்டி அவள் புருஷன் எலிகியோ. மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டிப் போவது நான். எங்கள் மூன்று பேரில் யாருக்கு வாய் அதிகம் என்று கேட்டால் கழுதைகள்கூட அக்காவைத்தான் காட்டும்.

வந்தவர்களையும் விடமாட்டாள். "நல்லா தின்னு. தின்னுட்டு அந்தக் குட்டை நிஜாரோட போய்க் கொசுவுக்கு விருந்து வை" என்று சிரித்துக்கொண்டே பரிமாறுவாள். பாஷை புரியாத அவர்கள் நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்வார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் வேலையாக இருக்கும்.

அந்தப் பயணத்தில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. இடிபாடுகளிலேயே உயரமான தாந்தா கோபுரத்திலிருந்து எல்லோரும் இறங்கியபோது ஒரு ஹாலந்துப் பெண்ணைக் காணோம். காட்டு வான்கோழியைப் படமெடுக்க ஒதுங்கினாளாம். எலிகியோ மச்சான் மற்றவர்களை முகாமுக்கு அனுப்பிவிட்டு அவளைத் தேடிப் புதருக்குள் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வேறொரு பாதை வழியாக, ஒன்றும் நடக்காதவளைப் போல முகாமுக்கு வந்து காபி கேட்டாள். மச்சான் வரவில்லை.

கல்லில் ரொட்டி கருகியது. அக்கா கையில் ரொட்டி கருகி நான் பார்த்ததே இல்லை. மச்சானின் வெட்டுக்கத்தி பந்தல் காலில் அப்படியே தொங்கியது. வெறுங்கையோடு போயிருக்கிறார்.

"வந்துடுவாருக்கா. அவருக்குத் தெரியாத காடா?"

"தெரியாதவன் பயந்து ஒரே இடத்துல நிப்பான்டா. இவரு தெரியும் தெரியும்னு நடந்துக்கிட்டே இருப்பாரு."

அவள் சொன்னது சரிதான். கோபுரத்துக்குப் பின்னால் சதுப்புக்காடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி முள், ஒரே மாதிரி சேறு. மேடுகளில் புதையல் திருடர்கள் தோண்டிப் போட்ட குழிகள் இலை மூடிக் கிடக்கும். கடித்தால் பிழைக்கவிடாத மஞ்சள் தாடிப் பாம்பு வெளியே வருகிற நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. மேகம் வேறு கவிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஹாலந்துப் பெண் அழத் தொடங்கினாள். தன்னால்தானே என்று எழுந்து ஓடி, காட்டைப் பார்த்து "எலிகியோ! எலிகியோ!" என்று கத்தினாள். உடனே மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு உச்சரிப்பு. நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் எனக்கு அவர்களை அறையவேண்டும்போல இருந்தது.

எங்கள் காட்டில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கேட்ட பெயரைக் காடு வைத்துக்கொள்ளும். பிறகு தெரிந்தவர் குரலில் அதுவே கூப்பிடும். பதில் சொல்லிப் போனவன் சுற்றிச் சுற்றியே சாவான். அதனால் நாங்கள் மரத்தடியில் பலகைபோலப் புடைத்து நிற்கும் வேரைக் கத்தியின் முதுகால் தட்டுவோம்; தொலைந்தவன் பதிலுக்குத் தட்டுவான். மச்சான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார். அவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். ஊரில் இருக்கும்போது இல்லை. அங்கே இருட்டும்போது உண்டு.

அக்கா கரண்டியோடு பாய்ந்தாள். "வாய மூடுங்க! கொல்றீங்களே அந்த மனுஷன!" பாஷை புரியாவிட்டாலும் கரண்டி புரிந்தது. எல்லோரும் அடங்கினார்கள். நான் கத்தியை எடுத்து வேரில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். காது கொடுத்தோம். பதில் தட்டு இல்லை.

"விடுடா. அத்தனை பேரு சேந்து அவரு பேரைக் கத்தியாச்சு. இப்ப நீ தட்டுறதும் காட்டோட வேலைன்னுதான் நெனைப்பாரு. சத்தம் வர்ற பக்கம் முதுகைக் காட்டி நடந்துக்கிட்டிருப்பாரு."

"அப்ப நீ கூப்பிடுக்கா. உன் குரல் தெரியாதா?"

"என் குரலைக் காடு எத்தனை வருஷமா கேக்குது? நான் திட்டாத மரம் இங்க இருக்கா?"

சொல்லிவிட்டு முகாமின் விளிம்புக்கு நடந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. "சும்மா நிக்காதக்கா, எதையாவது செய்!"

"அல்பா!" என்று கத்தினாள். "யோவ், அல்பாவோட அம்மா கூப்பிடுறேன்! அல்பாவோட அப்பா, இங்க வாய்யா! அல்பா! அல்பா!"

யார் இந்த அல்பா என்று ஒரு கணம் விழித்தேன். பிறகு புரிந்தது. அக்காவுக்கும் மச்சானுக்கும் ஒரே ஒரு பெண் குழந்தை, பிறந்த அன்றே போய்விட்டது. ஞானஸ்நானம் நடக்கவில்லை, கல்லறைச் சிலுவையிலும் எழுத்து இல்லை. ஆனால் வயிற்றில் இருக்கும்போதே இருவரும் பெயர் வைத்திருக்கிறார்கள். கூடப் பிறந்த எனக்கே அது அன்றுதான் தெரியும். அவர்கள் இருவரையும் தவிர யார் காதிலும் விழாத பெயர். காட்டுக்கு அது எப்படித் தெரியும்?

குரல் உடையும்வரை கூப்பிட்டாள். உடைந்த பிறகும் கூப்பிட்டாள்.

இடப்பக்கம் கிளை ஒடிந்தது. நான் கத்தியை ஓங்கினேன். மச்சான்தான். இடுப்புவரை சேறு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். திருடர் குழியில் சறுக்கி விழுந்து ஏறியிருக்கிறார். தன் பேர் கேட்டதும் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறார், அக்கா சொன்னதுபோலவே. ஹாலந்துப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்ததை அவர் கவனிக்கக்கூட இல்லை. அக்காவையே பார்த்தார்.

"இங்கயா சொன்ன அதை?"

"வேற எங்கிட்ட என்ன இருந்துச்சு?"

அடுப்படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். "இனிமே இந்தக் காடு விடாது, புள்ள. நாம வர்றப்பல்லாம் அவ பேரைச் சொல்லிக் கூப்பிடும்."

அக்கா அவர் காலில் வெந்நீர் ஊற்றிச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடட்டும்யா. வேற யாரு இருக்கா அவளைக் கூப்பிட?"