பெரியம்மா பெயரில் போன ரத்தம்

எங்கள் சித்தி என்ன வேலை பார்க்கிறாள் என்பது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் சரியாக விளங்கியதில்லை. டாக்டர் என்றார்கள். ஆனால் அவள் லீவில் கோவில்பட்டிக்கு வந்திருப்பது தெரிந்து, முழங்கால் வலி, நெஞ்சு கரிப்பு என்று வாசலில் வந்து நிற்பவர்களிடம், "நான் மருந்து எழுதுற டாக்டர் இல்லக்கா" என்று கும்பிடு போட்டுவிடுவாள். பிறகு அவளே அவர்களை உட்கார வைத்து, "ஒங்க அம்மா எதுல தவறுனாவ? அவிய கூடப் பிறந்த பொம்பளையாளு எத்தன பேரு?" என்று ஆரம்பிப்பாள். வைத்தியம் கேட்டு வந்தவர்கள் செத்தவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். இதற்குப் போய் மெட்ராஸில் சம்பளம் கொடுக்கிறார்களே என்று அப்பாவுக்குத் தீராத ஆச்சரியம்.

மார்பிலும் சினைப்பையிலும் வருகிற புற்றுநோய் சில குடும்பங்களை மட்டும் ஏன் தாய், மகள், பேத்தி என்று விடாமல் பிடிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. புதூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமங்களுக்கெல்லாம் வெயிலில் பஸ் ஏறிப் போய், பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம் என்று தாளில் போட்டு, நோய் வந்தவர்களின் வட்டத்தைக் கறுப்படித்துக்கொண்டு வருவாள். அப்போது எனக்கு ஒன்பது வயது, தொண்ணூறுகளின் கடைசி. இவ்வளவு படித்தவள் எதற்கு இப்படி உட்கார்ந்து படம் போடுகிறாள் என்று எனக்கு ஒரே குழப்பம்.

அந்தத் தாள்களில் எங்கள் குடும்பமும் இருந்தது. அம்மாவைப் பெற்ற ஆச்சியும் ஆச்சியின் தங்கையும் கறுப்பு. மூன்றாவது கறுப்பு பெரியம்மா, அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவள். மதுரையில் மார்பில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் கேட்டவர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தோம். ஏனென்றால் பெரியம்மாவின் ஒரே மகளுக்கு, என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த லீவில் சித்தி கேட்டது பெரியம்மாவின் ரத்தம், இரண்டு குழாய். பெரியம்மா முடியவே முடியாது என்றாள். சித்தியின் முகம் தொங்கிப் போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏன் சித்தி, ஒன் ரத்தத்தையே எடுத்துக்கக் கூடாதா? நீயும் தங்கச்சிதான?"

சித்தி சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளை கேட்டாலும் மதித்துப் பதில் சொல்லுகிற குணம் அவளுக்கு உண்டு. "ஒரு பண்டல் தீப்பெட்டில ஒரு பெட்டி மட்டும் பத்தலன்னு வையி. என்ன கோளாறுன்னு பாக்க எந்தப் பெட்டியத் தொறப்ப?"

"பத்தாத பெட்டிய."

"அதான். அதுல என்ன கோளாறுன்னு தெரிஞ்சாத்தான் மத்த பெட்டில அது இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும். ஒங்க அக்காவுக்குச் சொல்லலாம், ஒனக்குச் சொல்லலாம். முன்னாலயே தெரிஞ்சா காப்பாத்திரலாம்ட்டி."

எங்கள் ஊரில் தீப்பெட்டியை வைத்துச் சொன்னால் எதுவும் மண்டையில் ஏறும். ஆனால் எனக்கு ஏறியதெல்லாம் பெரியம்மாவைப் பத்தாத தீப்பெட்டி என்று சொல்லிவிட்டாளே என்ற கோபம்தான்.

சித்தி மெட்ராஸ் போய்ச் சேர்ந்தும் விடவில்லை. வாரம் ஒரு போன். அழுதும் கெஞ்சியும் ஒருவழியாகப் பெரியம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை காலையில் லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ரயிலில் அனுப்புவது என்று ஏற்பாடு. துணைக்கு அம்மா போனாள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

பெரியம்மா தலை குளித்து நாற்காலியில் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுதான் தாமதம், விறுவிறுவென்று உள்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"ஏக்கா, ஒரு நிமிஷ வேலை. கதவத் தொற" என்று அம்மா மெல்லத் தட்டினாள்.

"இருக்குன்னு எழுதி வந்துட்டா எம் பிள்ளைய எவன்ட்டி கட்டுவான்? நீ வந்து கட்டி வைப்பியா?"

அம்மா மறுபடி தட்டக் கையைத் தூக்கினாள். அதற்குள் லேப்காரர் உள்ளே வந்து பெட்டியைத் திறந்துவிட்டார். ஊருக்குப் புதியவர் போல. கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் பெரியம்மாவின் பெயரைச் சொல்லி, "நீங்கதானம்மா?" என்றார்.

அம்மா கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "ஆமா, நாந்தான்" என்று கையை நீட்டினாள்.

பொய் சொன்னால் என் வாயில் மிளகாய்ப்பொடி அப்புகிறவள் அம்மா. ஊசி குத்தும்போது அவள் முகம் கோணக்கூட இல்லை. குழாயில் பெரியம்மா பெயரை ஒட்டிக்கொண்டு லேப்காரர் போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது, முழங்கையை மடக்கிப் பஞ்சை அமுக்கியபடி அம்மா சொன்னாள். "யாருட்டயும் மூச்சு விடக்கூடாது, கேட்டியா? இதுல தப்பு ஒண்ணுமில்ல. ஒரே வயித்துல பொறந்தவிய நாங்க. அவ ரத்தமென்ன, என் ரத்தமென்ன?"

என்னை ஏய்ப்பதற்காக அம்மா அப்படிச் சொல்லவில்லை. அவள் அதை மனசார நம்பினாள். எனக்குத்தான் தலை சுற்றியது. ரத்தம் ஒன்றுதான் என்றால் சித்தியும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே, அவள் ஏன் மெட்ராஸில் இருந்துகொண்டு இந்தப் பாடுபடுகிறாள்? ஒன்றில்லை என்றால் அம்மா செய்தது என்ன? இரண்டு பேரில் யாருக்கு ஒன்றும் தெரியாது? படித்தவள் சித்தி. ஆனால் சோறு போடுகிறவள் அம்மா. நான் அம்மா பக்கம் இருந்துவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து சித்தியே போனில் சொன்னாள். "நாங்க தேடுனது அக்கா ரத்தத்துல இல்ல. அதுக்காக ஆபத்தே இல்லன்னு நெனச்சிராதீங்க. பிள்ளைக்கு வருஷா வருஷம் செக்கப் பண்ணணும்." 'இல்ல' என்பதோடு எங்கள் வீட்டாருக்குக் காது அடைத்துவிட்டது. கதவுக்குப் பின்னால் எல்லாம் கேட்டு, தங்கை ரத்தமும் தன் ரத்தம்தான் என்று நம்பியிருந்த பெரியம்மா ஓவென்று அழுதாள். அம்மா பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தினாள். அடுத்த மாதமே அக்காவுக்கு நிச்சயம் ஆயிற்று.

கல்யாணத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, சித்தி மட்டும் எதையோ தொலைத்தவளாக அலைந்தாள். கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, பெரியம்மாவுக்கு ரத்தம் எடுத்த அன்னைக்கு நீ கூட இருந்தியாமே?"

"ஆமா சித்தி."

"பெரியம்மா ரொம்பப் பயந்துட்டாளோ? அழுதாளா?"

நன்றாக யோசித்தேன். தாழ்ப்பாள் போட்ட பெரியம்மா கோபமாகக் கத்தினாளே தவிர அழவில்லை. "அழல சித்தி."

"ஊசி குத்தும்போது?"

"சத்தமே வரல."

சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. "சரி, போயிச் சாப்பிடு" என்று விட்டுவிட்டாள். அம்மா பேச்சையும் மீறவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

மறு வருஷமே பெரியம்மா போய்விட்டாள். அக்கா எந்தச் செக்கப்புக்கும் போகவில்லை. அதுதான் இல்லையென்று வந்துவிட்டதே. முப்பத்தோராவது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, மார்பில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள். சித்தி அவளுடைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தாள். தேடியது இருந்தது. அன்றைக்குத்தான் அம்மா சித்தியின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சித்தி யாரையும் திட்டவில்லை. மூலையில் அழுதுகொண்டிருந்த என்னிடம் வந்து தோளைத் தொட்டாள்.

"நீ பயப்படாத. அன்னைக்கு வந்த ரிசல்ட்டு தப்பில்லட்டி. ஒங்க அம்மாட்ட அது இல்ல, அதனால அவ வழியா ஒனக்கும் வராது."

எனக்கு வந்த நல்ல செய்தியைத்தான் அக்கா கையில் கொடுத்துக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.