சில சவால்கள் இருந்தன

வாஷிங்டனில் அந்தப் பெரிய வளர்ச்சி நிறுவனத்தின் ஆறாவது மாடியில் வெர்லீன் டிப்ஸுக்கு இருபத்தாறு வருட வேலை. பல நாடுகளில் முடிந்த திட்டங்களின் அறிக்கைகளை வாங்கி, திருத்தி, பின்னால் வருகிறவர்கள் கணினியில் தேடினால் கிடைக்கும்படி சேர்த்து வைக்க வேண்டும். ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திட்டமும் தோற்றது என்று எழுத மாட்டார்கள். கட்டிய பாலம் இடிந்தே விழுந்தாலும் "சில சவால்கள் இருந்தன" என்றுதான் எழுதுவார்கள்.

திங்கட்கிழமை மதியம், சாண்ட்விச்சும் கையுமாக எல்லோரும் கூடிப் பேசும் நேரம். கிர்ஸ்டன் ஹாகன் என்ற இளம் திட்டத் தலைவி திரையில் வரைபடம் காட்டினாள். மொசாம்பிக் கடற்கரையில் நாற்பது ஆழ்துளைக் கிணறுகள். புதன்கிழமை நிர்வாகக் குழுவின் ஒப்புதல்.

வெர்லீன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"கிர்ஸ்டன், பதினோரு வருஷம் முன்னாடி அதே இடத்துல நாம போட்டோம். தண்ணி உப்பாயிடுச்சு."

"உப்பு, தோல்வின்னு எல்லாம் போட்டுத் தேடிட்டோம் வெர்லீன், ஒண்ணும் வரல. தண்ணியோட தரத்துல சில சவால்கள்னு ஒரு அறிக்கை இருக்கு. சவால் இல்லாத அறிக்கை இந்தக் கட்டடத்துல எது, சொல்லுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லீன் சிரிக்கவில்லை. அந்த வரியை எழுதியது அவளேதான்.

அவள் மேசை இழுப்பறையின் அடியில், பொறியாளர் அன்செல்மோ கிரோகா அனுப்பிய முதல் பிரதி இன்னும் கிடந்தது. "ஆழமாகத் துளைத்தோம். கடல் உள்ளே வந்துவிட்டது. பெண்கள் மறுபடி ஆறு கிலோமீட்டர் நடக்கிறார்கள். இங்கே இனி யாரும் துளைக்காதீர்கள்." கொஞ்சம் மென்மையாக்கு என்றார் அன்றைய மேலாளர். ஆக்கினாள். அதற்குப் பிறகு அன்செல்மோ அவளுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. முகம் தெரியாத எத்தனை தாய்மார்களின் குடத்தில் தன் கையால் உப்பைக் கொட்டப் போகிறோமோ என்று நினைத்தபோது அவள் நெஞ்சு எரிந்தது.

மறுநாள் காலை அந்தப் பிரதியோடு கிர்ஸ்டனின் அறைக்குப் போனாள்.

கிர்ஸ்டன் படித்தாள். முகம் வாடியது. "இது வெறும் வரைவு. பதிவுல இருக்கிற அறிக்கை வேற சொல்லுது. இதை வெச்சு நான் எப்படி நிறுத்துறது?"

"அப்ப அந்த அறிக்கையையே திருத்திடறேன் கண்ணு. என் பேரைப் போட்டு."

"விசாரணை வெப்பாங்க. மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா விருந்து வெச்சு அனுப்புவாங்க. எதுக்கு இந்த வம்பு?"

"விருந்துல கேக் வேணா நீ சாப்பிடு. அந்த ஊர்ல உப்புத் தண்ணி குடிச்சவங்களுக்கு யார் விசாரணை வெச்சா?"

அங்கேயே நின்றபடி கிர்ஸ்டனின் கணினியில் தன் பெயரால் நுழைந்தாள். பழைய வரியை அழித்துவிட்டு அன்செல்மோவின் நான்கு வரிகளையும் அப்படியே ஏற்றினாள். கீழே தட்டினாள்: "பதினோரு வருடங்களுக்கு முன் இதை மாற்றியவள் நான். செய்தது தவறு. வெர்லீன் டிப்ஸ்."

கிர்ஸ்டன் தேடும் கட்டத்தில் 'உப்பு' என்று அடித்தாள். முதலில் வந்து நின்றது அந்த அறிக்கை. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"நாளைக்கு நடக்கற கூட்டத்தோட பட்டியல்லேருந்து என் திட்டத்தை எடுத்துடுங்க... இல்ல, சவால் ஒண்ணும் இல்ல. அங்கே ஒரு தடவை தோத்திருக்கோம்."